ஏழு மணி இருட்டு

எங்கள் தெருவில் பிள்ளை வளர்க்கும் பெண்கள் எல்லோரும் ஏதாவது ஒரு விஷயத்திலாவது ஃபியோர்தலீசா சொன்னபடி நடந்தவர்கள்தான். சாந்தியாகோ நகரத்தில் ஒரு மருந்துக்கடை கவுன்டருக்குப் பின்னால் காலையிலிருந்து மாலை வரை நின்றுவிட்டு வருகிறவள் அவள். மகள் தார்லெனிஸுக்குப் பதினொரு வயது, மகன் வாண்டருக்கு ஏழு. கணவன் அரிஸ்மெந்தி எங்கள் தெருமுனையிலிருந்து நகர மையத்துக்கு மினிபஸ் ஓட்டுகிறான். அவள் பிள்ளைகளின் நீலச் சட்டை கசங்கி யாரும் பார்த்ததில்லை. திங்கட்கிழமை பின்னிய தார்லெனிஸின் ஜடை வெள்ளிக்கிழமை வரை அப்படியே இருக்கும்.

பள்ளிக்கூடத்து அம்மாக்களின் வாட்ஸாப் குழுவில் அவளுடைய குரல் பதிவுகள் வரும். வணக்கம் கிடையாது, பூப்படம் கிடையாது. "சிவப்பு பீன்ஸ ஞாயித்துக்கிழமையே மொத்தமா வேகவச்சு ஐஸ்கிரீம் டப்பாவுல பங்கு போட்டு உறைய வச்சிடுங்க. கரண்ட் போனா அதுவே ஃப்ரிட்ஜ காப்பாத்தும்." அவ்வளவுதான். இன்னொரு நாள், "ஹோம்வொர்க் இருக்கான்னு கேக்காதீங்க, இல்லன்னுதான் பிள்ளைங்க சொல்லும். எத முதல்ல எழுதப் போறேன்னு கேளுங்க." இதைக் கேட்டுவிட்டு, தன் மகன் வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்ப்பாட்டை எடுத்தான் என்று பக்கத்து வீட்டு பெல்கிஸ் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள். ஒரு புத்தகமே போடலாம் என்றார்கள். ஃபியோர்தலீசா அதற்குச் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவள் பொதுவாகவே பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வாள். அதை நாங்கள் யோசனை என்று நினைத்தோம். களைப்பாகவும் இருந்திருக்கலாம்.

அந்த யோசனைகள் எல்லாமே மின்வெட்டின் மேல் கட்டப்பட்டவை என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. மாலை ஏழு மணி வாக்கில் கரண்ட் போகும், ஒன்பதுக்கு வரும். மழை தவறினாலும் அது தவறாது. ஆகவே ஏழுக்குள் இஸ்திரி, ஏழுக்குள் மிக்ஸி, ஏழுக்குள் தண்ணீர்த் தொட்டி நிரம்ப வேண்டும். ஏழுக்குப் பிறகு சாப்பாட்டு மேஜை மேல் ஒரே ஒரு சார்ஜ் விளக்கு. வெளிச்சம் அங்கே மட்டும் இருப்பதால் பிள்ளைகள் அங்கேயே இருந்தாக வேண்டும். வேறு எதுவும் செய்ய முடியாததால் பாடம் படித்தாக வேண்டும். அரிஸ்மெந்தி டொமினோ ஆட முனைக்கடைக்குப் போய்விடுவான். அங்கே இன்வெர்ட்டர் உண்டு.

ஃபியோர்தலீசா பின்பக்கம் தொட்டியருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அவள் அங்கே என்ன செய்தாள் என்று கேட்டால் ஒன்றும் செய்யவில்லை. ஜெபம் இல்லை, போன் இல்லை, நாளைக்கான திட்டம்கூட இல்லை. இருட்டில் யாரும் அம்மாவைக் கூப்பிடுவதில்லை. கேட்கிற பொருள் எப்படியும் அகப்படாது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நாள் முழுவதும் மற்றவர்களுடைய இருமலுக்கும் வயிற்றுவலிக்கும் பதில் சொன்ன பெண்ணுக்கு யாருக்கும் பதில் சொல்லாத ஒரு நேரம் இருந்தது. அதை அவளுக்குக் கொடுத்தது கணவனும் இல்லை, கடவுளும் இல்லை. திறமையில்லாத ஒரு மின் நிறுவனம்.

பிறகு எங்கள் பகுதிக்கு இருபத்துநாலு மணி நேர மின்சாரம் வந்தது. விளையாட்டுத் திடலில் மேடை போட்டார்கள், தொப்பி கொடுத்தார்கள், யாரோ ரிப்பன் வெட்டினார்கள். ஆண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் உண்டு. பெல்கிஸ் மறுவாரமே ஏ.சி. வாங்கினாள். ஃபியோர்தலீசாவும் கைதட்டினாள்.

அன்று மாலை ஏழு மணிக்கு வாண்டர் டேப்லெட்டில் இருந்தான். எட்டு மணிக்கும் இருந்தான். தார்லெனிஸ் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நடன வீடியோவுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தாள். அரிஸ்மெந்தி முனைக்கடைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லாமல் போனதால் முனைக்கடையே வீட்டுக்குள் வந்துவிட்டது. நாலு நண்பர்கள், பேஸ்பால் ஆட்டம், பொரித்த சலாமி இறைச்சி. ஃபியோர்தலீசா பின்பக்க நாற்காலியில் போய் உட்கார்ந்தபோது தலைக்குமேல் பல்பு எரிந்தது. அணைத்தாள். பெல்கிஸ் வீட்டுப் பல்பு எரிந்தது.

வெளிச்சத்தில் ஒரு தாய் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரு வேலை ஞாபகம் வந்துவிடுகிறது.

"மம்மி, சும்மாதானே இருக்கீங்க, சார்ஜர் எங்கன்னு பாருங்களேன்."

"ஃபியோர், சும்மா இருந்தா இன்னும் கொஞ்சம் சலாமி வெட்டேன்."

"ஏண்டி, சும்மாதான இருக்க, வா, என் ஏ.சி. காத்துல உக்காரலாம்."

குழுவில் கேள்விகள் குவிந்தன. டேப்லெட்டை எப்படிப் பிடுங்குவது, படுக்கைக்கு எப்படி அனுப்புவது. அவள் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். சார்ஜரை உங்கள் படுக்கையறையில் வையுங்கள், நேரத்தைப் பிள்ளையே குறிக்கட்டும், திட்டாதீர்கள், எழுந்து போய் பக்கத்தில் உட்காருங்கள். நல்ல யோசனைகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தாயின் ஒரு மணி நேரத்தைக் கேட்டது. முந்தைய யோசனைகள் அப்படிக் கேட்டதில்லை.

வாண்டரின் மதிப்பெண் இறங்கியது. ஃபியோர்தலீசா மருந்துக்கடையில் ஒருவருக்குச் சில்லறைக்குப் பதிலாக அவருடைய மருந்துச் சீட்டையே திருப்பிக் கொடுத்தாள். அவர் போன பிறகும் கையை நீட்டியபடியே நின்றாள் என்று கூட வேலை செய்பவர்கள் சொன்னார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழு மணிக்கு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் மெயின் சுவிட்சை அவள் கீழே தள்ளினாள்.

"கரண்ட் போச்ச்ச்சு" என்று வாண்டர் நீட்டி முழங்கினான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நடக்கக் கற்கும்போதே சேர்ந்து வந்துவிடுகிறது. ஆனால் மற்ற வீடுகளிலிருந்து பதில் கூச்சல் வரவில்லை. தார்லெனிஸ் ஜன்னலுக்குப் போனாள்.

"மம்மி, பெல்கிஸ் அத்தை வீட்டுல லைட் இருக்கே."

"அது வேற ஃபேஸ்."

"எதிர் வீட்டுலயும் இருக்கு."

"அதுவும் அந்த ஃபேஸ்தான். சார்ஜ் விளக்க எடுத்து மேஜைல வை. எத முதல்ல எழுதப் போற?"

அரிஸ்மெந்தி டிவிக்கு முன்னால் இருட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பேஸ்பாலில் மூன்று தளங்களிலும் ஆள் நின்றிருந்த, ஆட்டமே மாறக்கூடிய நேரம். "இவனுங்க திருந்தவே மாட்டானுங்க" என்றான் மெதுவாக. இத்தனை வருடப் பழக்கத்தில் அவனுக்குச் சந்தேகம் வர வழியில்லை. நல்ல சேவைதான் அவனைச் சந்தேகப்பட வைத்திருந்தது. அது நின்றதும் ஒருவகையில் நிம்மதியடைந்தான். போய் கூக்கோவைக் கூட்டிவந்தான்.

கூக்கோ எங்கள் பகுதியில் மின்கம்பம் பார்க்கிறவன். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. ஆனால் நீளமான ஒரு மூங்கில் கழி வைத்திருந்தான். ட்ரான்ஸ்ஃபார்மர் ஃப்யூஸ் விழுந்தால் அதைக் கழியால் தட்டி மாட்டுவான். இருபத்துநாலு மணி நேர மின்சாரம் வந்ததிலிருந்து அந்தக் கழியில் அவன் மனைவி துணி உலர்த்தினாள். அன்று அதைத் தோளில் சாய்த்து வந்தபோது அவன் நடையே மாறியிருந்தது.

"இந்த ஃபேஸ்ல லூசு இருக்கு, மாப்ள. ரிப்பன் வெட்டுன அன்னைக்கே நான் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல. மனசுல சொன்னேன்."

ஒரு மணி நேரத்துக்குமேல் தட்டினான். பின்பக்கத்தில் ஃபியோர்தலீசா அந்த டொக் டொக் ஓசையைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். அது யாரையும் எதுவும் கேட்காத ஓசை. போதும் என்று தோன்றியபோது எழுந்து போய் சுவிட்சை மேலே தள்ளினாள். தெருவில் ஆண்கள் கூக்கோவின் முதுகில் தட்டினார்கள். ஒரு குளிர்ந்த பீர் வந்தது. இப்படி வாரம் முழுவதும் அவன் வந்தான், தட்டினான், ஒன்பது மணிக்கு வென்றான். இந்த ஃபேஸுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், சட்டென்று பிடிபடாது என்று ஒரு கோட்பாடும் உருவாக்கிக்கொண்டான்.

வாண்டரின் மதிப்பெண் ஏறியது. பெல்கிஸ் துணிக்கொடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"ஏண்டி ஃபியோர். நீயும் நானும் ஒரே கம்பத்துலதான் தொங்குறோம். எனக்கு மட்டும் எப்படி எரியுது?"

ஃபியோர்தலீசா தலையணை உறையை உதறினாள். மடித்தாள். மறுபடி பிரித்து உதறினாள்.

"உன் பையன் எத்தன மணிக்குத் தூங்குறான்?" என்றாள்.

"தூங்குறானா? அவன் எப்ப தூங்குறான்னு ஏ.சி.க்குத்தான் தெரியும்."

"உங்க வீட்டு மெயின் எங்க இருக்கு?"

பெல்கிஸ் கொடியில் தொங்கிய துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றாள் ஃபியோர்தலீசா.

"கன்னிமாதா சத்தியமா."

பெல்கிஸ் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். அவளும் ஒருத்தியிடம்தான். ஒரு மாதத்துக்குள், ஏழு மணி ஆனால் மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வரிசை என்று ஒவ்வொன்றாகத் தெரு முழுவதும் அணைந்தது. மின் நிறுவனம் செய்தபோது எல்லாம் ஒரே நொடியில் போகும். இப்போது பண்டிகை விளக்குகளை ஒருவர் நிதானமாக ஊதி அணைப்பதுபோல் போனது. ஒரு ஆணும் அந்த வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை. குழுவில் ஃபியோர்தலீசா, "ஏழுக்குள்ள இஸ்திரிய முடிச்சிடுங்க" என்று மறுபடி குரல் பதிவு போட ஆரம்பித்தாள். பதிலுக்கு அம்மாக்கள் ஆளுக்கொரு மெழுகுவத்திப் படம் அனுப்பினார்கள். அந்த வாரங்களில் எங்கள் தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் மற்ற தெருக்களுக்கு உதாரணமாகச் சொன்னார்கள்.

ஆண்களுக்கு வேறு மாதிரிப் பட்டது. இருபத்துநாலு மணி நேரத்துக்கென்று மீட்டர் மாட்டி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒழுங்காகப் பில் கட்டியவர்கள் அவர்கள். கட்டிய பிறகும் இருட்டு என்றால் அது மின்வெட்டு இல்லை, அவமானம். முனைக்கடையில் கூடினார்கள். எங்கள் ஊரில் இதற்கு ஒரு வழிதான் தெரியும். அரிஸ்மெந்தி தன் மினிபஸ்ஸின் தேய்ந்த டயர்கள் இரண்டை உருட்டிவந்தான். பிரதான சாலையை மறித்துக் கொளுத்தினார்கள். பெண்கள் பாத்திரம் தட்டிக்கொண்டு ஊர்வலமாக வர வேண்டும் என்று முடிவாயிற்று.

"இப்ப என்னடி பண்றது?" என்றாள் பெல்கிஸ்.

"தட்டணும்."

"நம்மள எதுத்து நாமளே தட்டணுமா?"

"தட்டலன்னா ஏன்னு கேப்பாங்க."

எந்தப் பாத்திரத்தைத் தட்டுவது என்று குழுவில் கேட்டார்கள். ஃபியோர்தலீசாவின் பதிவு வந்தது. "நல்ல பாத்திரம் வேண்டாம், சொட்ட விழும். சோறு அடிப்பிடிச்ச பழைய கொப்பரையக் கொண்டு வாங்க. தட்டத் தட்ட அந்தத் தீசலும் விட்டுடும். பிள்ளைங்க மூக்குல ஈரத்துணி கட்டிடுங்க, டயர் புகை ஆகாது." அன்று தெரு முழுக்கக் கொப்பரைகள் சுத்தமாயின.

மூன்றாம் நாள் நிறுவனத்திலிருந்து பெரால்தா என்று ஒரு பொறியாளர் வந்தார். மெலிந்த மனிதர், முழங்கை தேய்ந்த சட்டை. விளையாட்டுத் திடலில், ரிப்பன் வெட்டிய அதே மேடையில் நின்றார்.

"ஐயா, உங்க லைன்ல கரண்ட் ஒரு நிமிஷம்கூட நிக்கல" என்றார்.

திடல் சிரித்தது. அந்த நிறுவனம் இருபது வருடமாகச் சொன்னதெல்லாம் பொய். நம்பியவர்களும் இருந்தார்கள். இப்போது முதல் தடவையாக உண்மை சொல்கிறது, நம்புவதற்கு ஒரு ஆள் இல்லை.

"அப்ப எங்க கண்ணு பொய்யா?" என்றான் அரிஸ்மெந்தி.

"கண்ணு பொய் இல்ல. கம்பமும் பொய் இல்ல. அதான் எனக்கும் புரியல."

"கம்பத்தப் பத்தி நான் சொல்றேன்" என்று கூக்கோ கழியோடு எழுந்தான். அவனை உட்காரவைத்தார்கள். பெண்கள் சார்பில் யாராவது பேசட்டும் என்று குரல் வந்தது. எல்லோரும் ஃபியோர்தலீசாவைத் திரும்பிப் பார்த்தார்கள். தெருவிலேயே ஒழுங்கான தாய் அவள்தானே. பெல்கிஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபியோர்தலீசா மேடை ஏறவில்லை. நின்ற இடத்திலிருந்தே, வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நேரத்தை எடுத்துக்கொண்டு சொன்னாள். "சாயங்காலம் ஏழு மணிக்கு மேல எங்க வீடுகள்ல என்ன நடக்குதுன்னு இந்த நிறுவனத்துக்குத் தெரியாது. இங்க இருக்குற ஆம்பளைங்களுக்கும் தெரியாது." அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அரிஸ்மெந்தியின் கண் கலங்கியிருந்தது.

பெரால்தா மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்கு நானே வந்து கம்பத்தடியில உக்கார்றேன்" என்றார்.

ட்ரான்ஸ்ஃபார்மர் கம்பம் ஃபியோர்தலீசாவின் வீட்டு வாசலில்தான் இருந்தது. மறுநாள் மாலை அவர் ஒரு மடக்கு நாற்காலியும் அளவுக்கருவியும் கொண்டுவந்து அங்கே உட்கார்ந்தார். ஆண்கள் சுற்றி நின்றார்கள். ஏழு மணி ஆயிற்று. ஒவ்வொரு சமையலறையிலும் ஒரு பெண் மெயின் சுவிட்சின் முன்னால் நின்று, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கம்பத்தில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது வீடு அணைந்தால் அது யார் வேலை என்று கருவியே சொல்லிவிடும். ஒருத்தியும் தொடவில்லை. தெரு முழுவதும் எரிந்தது.

இப்போதாவது ஆண்கள் வெட்கப்படுவார்கள் என்று பெரால்தா எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"பாத்தீங்களா?" என்றான் அரிஸ்மெந்தி வெற்றியோடு. "ஆள் வந்தா கரண்ட் போகல. அப்ப இத்தன நாளும் வேணும்னுதான நிறுத்துனீங்க?"

"அவர் வந்ததாலதான் போகல" என்றான் கூக்கோ. "மீட்டருக்குப் பயந்த ஃபேஸ் இது."

பெரால்தா தினமும் வந்து உட்கார வேண்டும் என்பது தெருவின் கோரிக்கையானது. மறுபடி டயர் எரிவதைவிட அது பரவாயில்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆக, தினமும் ஏழு மணிக்கு அவர் வந்தார். சும்மா உட்கார முடியாதே, டொமினோ மேஜையும் முனைக்கடையிலிருந்து கம்பத்தடிக்கு வந்தது. விருந்தாளிக்குக் காபி வேண்டும். அந்த வீட்டு வாசலில் உட்காருவதால் அந்த வீட்டுக் காபி. டேப்லெட் திரும்பி வந்தது, நடனம் வந்தது, பேஸ்பால் வந்தது. முன்பு அவளிடம் இல்லாமல் போனது ஒரு மணி நேரம். இப்போது அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆறு குவளைகள் கழுவ வேண்டியிருந்தது.

"ஏதாவது சொல்லுடி ஃபியோர்" என்றாள் பெல்கிஸ், கொடிக்கு அந்தப் பக்கமிருந்து. "எல்லாரும் உன்னத்தான் எதிர்பாத்துட்டிருக்காங்க."

"என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"உன்கிட்ட இல்லாம யார்கிட்ட இருக்கும்?"

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, வேறு எதுவும் தோன்றாததால், அவள் உண்மையைச் சொன்னாள். சுவிட்சைப் பற்றியது இல்லை. அதைவிடச் சின்னதாக அவளுக்குத் தோன்றிய உண்மை.

"எனக்கு தினமும் ஒரு மணி நேரம் தனியா உக்காரணும்" என்றாள். "யாரும் கூப்பிடாம. யார் கூடவும் பேசாம. அவ்ளோதான்."

அரிஸ்மெந்தி முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"என் மேல கோவமா?"

"இல்ல."

"யாராவது எதாவது சொன்னாங்களா? என் தங்கச்சியா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. சும்மா உக்காரணும்."

"உக்காந்து?"

"உக்காந்து ஒண்ணுமில்ல."

தார்லெனிஸ் தட்டைத் தள்ளிவைத்தாள். "மம்மி, எங்கள விட்டுட்டுப் போகப்போறீங்களா?"

மின்வெட்டு என்ற பொய்யை அந்த வீடு ஒரே மூச்சில் விழுங்கியது. இந்த உண்மை தொண்டையைத் தாண்டவில்லை. மறுநாள் மாலை அவள் பின்பக்க நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லோரும் அவளைத் தனியாக விடுவதற்காக வந்து கூடினார்கள். வாண்டர் அவள் கால்மேல் போர்வை போர்த்தினான். கோடைகாலம் அது. அரிஸ்மெந்தி இன்னொரு நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் பேசமாட்டேன். நீ பாட்டுக்கு இரு."

"சரி."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

"இப்ப?"

அவன் தங்கை யோகாஸ்தா இரண்டு தெரு தாண்டி ஒரு சட்டி கோழி சூப்போடு வந்தாள். "அண்ணி, ரத்த அழுத்தம் பாத்தீங்களா? மருந்துக்கடையிலயே நிக்கிறீங்க, உங்களப் பாத்துக்கமாட்டீங்களே." நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். போதகரை ஒரு வார்த்தை கேட்கலாமா என்று அண்ணனிடம் தணிந்த குரலில் கேட்டாள். பெல்கிஸுக்குச் சேதி போனதும் கொடியைத் தாண்டி வந்துவிட்டாள். "இந்த மாதிரி நேரத்துல தனியா இருக்கக் கூடாதுடி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். குழுவில் அம்மாக்கள் இதயப் படங்களும் ஜெபங்களும் அனுப்பினார்கள். ஒருத்தி, களைத்துப்போன தாய்மார்கள் தங்களுக்கென்று நேரம் ஒதுக்குவது எப்படி என்று எங்கிருந்தோ ஒரு நீண்ட குறிப்பை எடுத்துப் போட்டாள். ஃபியோர்தலீசா அதைப் படிக்க உட்கார்ந்தபோது தார்லெனிஸ் வந்து, மம்மி தனியாக எதைப் படிக்கிறாள் என்று தோள்வழியாக எட்டிப் பார்த்தாள்.

அந்த வார வெள்ளிக்கிழமை யோகாஸ்தா பிள்ளைகளோடு கூடத்தில் இருந்தாள். வாசலில் பெரால்தா மூன்றாவது ஆட்டத்தை வென்றுகொண்டிருந்தார். நல்ல ஆட்டக்காரராகிவிட்டார். ஃபியோர்தலீசா குப்பைப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். குப்பை போடப் போகும் பெண்ணை யாரும் எங்கே என்று கேட்பதில்லை. தெருமுனையில் பையைப் போட்டாள். திரும்பவில்லை.

அரிஸ்மெந்தியின் மினிபஸ் அங்கே நின்றிருந்தது. கதவு எப்போதும் சரியாகப் பூட்டாது. ஏறிக் கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உள்ளே விளக்கு இல்லை. டயர் புகையின் வாடை இன்னும் இருந்தது. சாலையில் வண்டிகள் போயின. அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் சாக்குப்பையோடு ஒரு கிழவர் படியில் காலை வைத்து எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருப்பது அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஏறினார்.

"எப்பம்மா கிளம்பும்?"

"நிறைஞ்சதும்" என்றாள் ஃபியோர்தலீசா. எங்கள் ஊரில் எந்த வண்டியும் அப்படித்தான் கிளம்பும். அவர் தலையாட்டிவிட்டு சாக்கை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

பிறகு வெள்ளைச் சீருடையில் ஒரு நர்ஸ் ஏறினாள். இரவுப் பணிக்குப் போகிறவள் போல. அப்புறம் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி ஒரு பெண். அவரவர் வரிசையில் உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஃபியோர்தலீசாவிடம் உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை. சார்ஜர் எங்கே என்று கேட்கவில்லை. பஸ்ஸில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தால் அவள் எங்கோ போகிறாள் என்று அர்த்தம். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாத இடம் அது ஒன்றுதான். அங்கே அவள் எவ்வளவு நேரம் இருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

தெருவில் அவள் பெயர் கேட்டது. முதலில் பெல்கிஸின் குரல், பிறகு யோகாஸ்தாவின் குரல். பிறகு அரிஸ்மெந்தி ஓட்டமும் நடையுமாக வந்தான், பஸ்ஸைத் தாண்டிப் போனான், நின்றான், திரும்பி வந்தான். தன் வண்டிக்குள் நாலைந்து தலைகளைப் பார்த்து விழித்தான்.

"வந்துட்டாருப்பா டிரைவர்" என்றார் கிழவர். "எத்தன நேரம்தான்யா டொமினோ ஆடுவீங்க? நாங்க போக வேண்டாமா?"

"எனக்கு எட்டரைக்கு டியூட்டி, அண்ணா" என்றாள் நர்ஸ்.

அரிஸ்மெந்தி படியில் ஒரு காலை வைத்தபடி உள்ளே பார்த்தான். கடைசி வரிசையில் ஃபியோர்தலீசா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அவன் வாயைத் திறந்தான். என்ன கேட்க நினைத்தானோ, நல்லா இருக்கா என்றுதான் இருக்கும், கேட்கவில்லை. சுற்றிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் ஏறினான். போனை எடுத்துத் தங்கைக்கு, "பிள்ளைங்களப் படுக்க வை, நான் ஒரு ட்ரிப் போயிட்டு வரேன்" என்றான். "ஆமா, அவ இருக்கா. இல்ல, பேசல."

வண்டி இரண்டு உறுமலுக்குப் பிறகு கிளம்பியது. சாலைக்கு வந்ததும் கட்டணம் கைமாறிக் கைமாறி முன்னால் போக ஆரம்பித்தது. குழந்தையோடு இருந்த பெண் பின்னால் திரும்பி, எதுவும் பேசாமல் உள்ளங்கையை நீட்டினாள். ஃபியோர்தலீசா பாவாடைப் பையிலிருந்து நாணயங்களை எடுத்து அதில் வைத்தாள். அது நர்ஸின் கைக்குப் போனது, கிழவரின் கைக்குப் போனது, அரிஸ்மெந்தியின் தோள்மேல் வந்து நின்றது. அவன் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தான். வாங்கி மற்றதோடு சேர்த்துப் பெட்டியில் போட்டுவிட்டு ரேடியோவை அணைத்தான்.